ஆறாவது வயதில் ஆறாவது பல்

எட்டு வயதுப் பையன். இரண்டு நாளாக ராத்திரி தூங்கவில்லை என்று அம்மா கூட்டி வந்திருக்கிறார். நாற்காலியில் சாய்த்து, கீழ்த்தாடையின் கடைக்கோடிக்கு விளக்கைத் திருப்பினால், ஒரு பெரிய கடைவாய்ப் பல்லின் நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி. காற்றடித்து உலர்த்திப் பார்த்தால் அதைச் சுற்றி, எனாமலுக்கு அடியில், மை ஊறியதுபோலச் சாம்பல் நிழல். மேலே தெரிவது கடுகு. உள்ளே பாதிப் பல் கரைந்திருக்கிறது.

"பால் பல்தானே டாக்டர்? பிடுங்கி விட்டுடுங்க. எப்படியும் விழப்போறதுதானே?"

"இது விழாதும்மா. ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்லு."

"அது எப்படி? அந்த இடத்துல இவனுக்கு ஒரு பல்லுகூட விழலையே!"

குழந்தைகளைப் பார்க்கும் பல் மருத்துவர்களுக்கு இந்த உரையாடல் மனப்பாடம். அந்த அம்மா பார்த்ததில் தப்பில்லை. அங்கே எந்தப் பல்லும் விழவில்லைதான். அந்தப் பல் வருகிற விதமே அப்படி. வந்தது தெரியாததால்தான் அதைக் காப்பாற்ற முடியாமல் போகிறது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு பல்லைப் பற்றியது.

சொல்லாமல் வருகிற பல்

முன்பல் ஆடினால் வீட்டுக்கே தெரியும். பிள்ளை நாக்கால் தள்ளித் தள்ளிக் காட்டும். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிகிற வழக்கம் இன்றும் சில ஊர்களில் உண்டு. ஏறக்குறைய அதே மாதங்களில், வாயின் பின்பக்கம், பால் பல் வரிசை முடிந்து வெறும் ஈறாக இருந்த இடத்தில் ஒரு புதுப் பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வருகிறது. அதற்கு முன் அங்கே பல் இருந்ததில்லை. அதனால் ஆடவும் இல்லை, விழவும் இல்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.

மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பற்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு முதல் ஏழு வயதுக்குள் முளைக்கும். சிலருக்கு ஐந்தரையிலேயே தலைகாட்டும். பொதுவாகக் கீழ்ப்பல் முந்திக்கொள்ளும்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. பால் பற்கள் மொத்தம் 20. ஒவ்வொரு மூலைக்கும் ஐந்து. முன்பல்லின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள். விழுந்த பல் இருந்தால் அந்த இடைவெளியையும் சேர்த்து எண்ணுங்கள். ஐந்துவரை பால் பல். ஆறாவதாக ஏதாவது கைக்குத் தட்டுப்பட்டால் அது நிரந்தரப் பல். பல் மருத்துவர்கள் சீட்டில் எழுதும் எண்ணும் இதே கணக்குத்தான்: 16, 26, 36, 46. முதல் இலக்கம் எந்த மூலை என்று சொல்கிறது. அடுத்த இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்று சொல்கிறது. சீட்டில் 36 என்று இருந்தால், கீழ்த்தாடையில் பிள்ளையின் இடப்பக்கத்து ஆறாவது பல்.

ஆறு வயதில் ஆறாவது பல். இந்த அத்தியாயத்தில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நின்றால் போதும்.

ஏன் இந்தப் பல்லுக்கே முதல் அடி?

நிரந்தரப் பற்களில் மிக அதிகமாகச் சொத்தை விழுவது இதில்தான். காரணங்கள் நான்கு.

முதலாவது, இதன் மேற்பரப்பு. முன்பல் வழவழப்பானது. கடைவாய்ப் பல்லோ உழுத வயல்போல மேடும் பள்ளமும் வெடிப்பும் கொண்டது. அரைக்க அந்த அமைப்பு வேண்டும். ஆனால் வெடிப்புகள் பல இடங்களில் பிரஷின் ஒரு தூவியைவிடக் குறுகலானவை. பிஸ்கட் மாவு உள்ளே போகும், தூவி போகாது.

இரண்டாவது, இது மெதுவாக ஏறும். ஈறிலிருந்து எட்டிப் பார்த்த நாளிலிருந்து எதிர்ப்பல்லைத் தொட்டு மெல்லத் தொடங்க ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும். அதுவரை பக்கத்துப் பால் பல்லைவிட ஒரு படி தாழ்ந்தே நிற்கும். பின்பாதியில் ஈறு மூடிபோலப் போர்த்தியிருக்கும். அந்த மூடிக்கு அடியில் சாப்பாடு போய்த் தங்கும். மெல்லும்போது ஏற்படும் உராய்வும் இன்னும் கிடைக்கவில்லை.

மூன்றாவது, புது எனாமல் முழுசாகப் பழுத்திருக்காது. முளைத்த பிறகு எச்சிலில் உள்ள கால்சியம், பாஸ்பேட் போன்ற தாதுக்களை உறிஞ்சித்தான் அது இறுகும். அதுவரை அமிலத்துக்குச் சீக்கிரம் கரையும்.

நான்காவது காரணம் பல்லில் இல்லை, வீட்டில் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போகத் தொடங்குகிறது. "பெரிய பிள்ளையாயிட்ட, நீயே தேச்சுக்கோ" என்று பிரஷைக் கையில் கொடுத்துவிடுகிறோம். பள்ளி வாசலில் ஜவ்வு மிட்டாயும் தேன் மிட்டாயும் அறிமுகமாவதும் அப்போதுதான்.

பல்லில் பூச்சி என்று நாம் சொல்வது பழக்கத்தால். புழுவோ பூச்சியோ அங்கே இல்லை. பல்லில் படியும் வெள்ளைப் படலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அமில அளவான பி.ஹெச். 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலின் தாது கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிசெய்து பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணி நேரம்வரை ஆகும். கரைவதும் திரும்பப் படிவதும் நாள் முழுக்க நடக்கிற வரவு செலவு. செலவு கூடிக்கொண்டே போனால் குழி விழுகிறது.

தேய்ப்பது: பிரஷைக் குறுக்கே போடுங்கள்

வழக்கமாக நாம் பிரஷைப் பல் வரிசையோடு நீளவாக்கில் ஓட்டுவோம். அப்படி ஓட்டினால் பால் பற்களின் மேலே வழுக்கிக்கொண்டு போய், ஒரு படி கீழே இருக்கும் புதுப் பல்லைத் தொடாமலே திரும்பிவிடும். அதனால் இந்தப் பல்லுக்கென்று தனியாக ஒரு முறை வேண்டும்.

பிள்ளையை உங்களுக்கு முன்னால், முதுகைக் காட்டி நிற்க வையுங்கள். தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொள்ளட்டும். இடது ஆட்காட்டி விரலால் கன்னத்தை வெளியே ஒதுக்குங்கள். வாயைப் பாதி மட்டும் திறந்தால் போதும். 'ஆ' என்று முழுசாகத் திறந்தால் கன்னம் இறுகி பிரஷுக்கு இடமிருக்காது. சின்னத் தலையுள்ள மென்மையான பிரஷைக் கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காக நுழைத்து, தூவிகள் அந்த ஒரு பல்லின் தலையில் மட்டும் உட்காரும்படி வைத்து, சின்னச் சின்னதாகப் பத்து முறை அசையுங்கள். நாலு மூலைக்கும் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது. ஈறு மூடி இருந்தால் முதல் சில நாள் லேசாக ரத்தம் வரலாம். பயந்து நிறுத்தாதீர்கள், அழுக்கு போகப் போக ரத்தமும் நின்றுவிடும்.

காலையில் பிள்ளை தானே தேய்க்கட்டும். இரவில் பெரியவர் தேய்த்துவிட வேண்டும், எட்டு வயதுவரையாவது. தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும் என்பதால் இரவுத் தேய்ப்பே முக்கியம். தேய்த்தபின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக் கூடாது. சர்க்கரை போட்ட பால் குடிக்கிற பிள்ளை என்றால் குடித்து முடித்த பிறகு தேயுங்கள்.

பேஸ்ட் வாங்கும்போது விளம்பரத்தை விட்டுவிட்டு பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். சோடியம் ஃப்ளோரைடு அல்லது சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட் என்று இருக்கிறதா? அளவு 1000 பிபிஎம் அளவில் இருக்கிறதா? மூலிகைப் பேஸ்ட்டுகள் சிலவற்றிலும் பல்பொடிகள் பலவற்றிலும் ஃப்ளோரைடு இருப்பதில்லை. பல்பொடியை விரலால் தேய்ப்பதில் இன்னொரு சிக்கல், விரல் நுனி வெடிப்புக்குள் இறங்காது. சாம்பல், செங்கல் பொடி, கரித்தூள் எதுவும் வேண்டாம். எனாமலை அரம்போல அறுக்கும்.

மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட். அதற்கு மேல் பட்டாணி அளவு. பிரஷ் முழுக்கப் பிழிவது விளம்பரப் படத்துக்கு மட்டும். தேய்த்து முடித்ததும் நன்றாகத் துப்பச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பல்லில் மிச்சமிருக்கும் ஃப்ளோரைடு வேலை செய்யட்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பெற்றோர் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள்: "எங்க தண்ணியிலேயே ஃப்ளோரைடு இருக்கு. பேஸ்ட்டுல வேற எதுக்கு?" நியாயமான கேள்வி. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து பல்லில் பழுப்புக் கறை விழுகிற பகுதி அது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஃப்ளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீரில்லாத இடத்தில் உச்ச வரம்பு 1.5. ஆனால் இந்தக் கறை, பல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில் விழுங்கிய ஃப்ளோரைடால் வருவது. ஆறாவது பல்லின் தலைப்பகுதி பிறக்கும் சமயத்தில் உருவாகத் தொடங்கி மூன்று வயதை ஒட்டி முடிந்துவிடுகிறது. ஆகவே ஆறு வயதில் தேய்த்துத் துப்புகிற பேஸ்ட்டால் இந்தப் பல்லில் புதிதாகக் கறை விழாது. அந்தப் பகுதிகளில் கவனிக்க வேண்டியவை இரண்டு: சின்னப் பிள்ளை பேஸ்ட்டை விழுங்காமல் பார்ப்பது, குடிக்கவும் சமைக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் பதில் குழாய் வழி வரும் ஆற்று நீரைப் பயன்படுத்துவது.

எத்தனை இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை

ஒரு பிள்ளை மதியச் சாப்பாட்டோடு இரண்டு லட்டு தின்கிறது. இன்னொரு பிள்ளை ஒரே ஒரு மிட்டாயை வாங்கி, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சாயங்காலம் முழுக்கச் சப்புகிறது. பல்லுக்கு அதிகக் கேடு இரண்டாவதில். ஒவ்வொரு சப்பலுக்கும் அந்த அரைமணிக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

ஒட்டுகிற பண்டம் இன்னும் மோசம். கிரீம் பிஸ்கட், பன், சிப்ஸ் எல்லாம் எச்சிலில் குழைந்து வெடிப்புக்குள் பசைபோல அடைந்துகொள்ளும். உப்புச் சிப்ஸில் இனிப்பே இல்லையே என்று நினைக்க வேண்டாம்; மாவுச்சத்து வாயிலேயே சர்க்கரையாக உடையும். பள்ளிவிட்டு வந்ததும் சுண்டல், வேர்க்கடலை, கொய்யா, வெள்ளரி கொடுங்கள். இனிப்பு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.

சீலன்ட்: வெடிப்பை அடைத்துவிடுவது

தளம் போட்ட மொட்டை மாடியில் விரிசல் தெரிந்தால் மழைக்கு முன்பே பூசி அடைக்கிறோம். சீலன்ட் அதே வேலைதான். பல்லின் வெடிப்புகளில் பிசின் போன்ற திரவத்தை ஓடவிட்டு, ஒளி பாய்ச்சி இறுக்கிவிடுவது.

எனாமலில் பிசின் ஒட்டாது என்பதே நெடுநாள் தடையாக இருந்தது. 1955இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனகோர் இதற்கு வழி கண்டார். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க பாஸ்பாரிக் அமிலம் தடவும் தொழிற்சாலை முறையை அவர் பல்லுக்குக் கொண்டுவந்தார். அமிலம் பட்ட எனாமல் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாகி, பிசின் அதில் வேர்விட்டதுபோல் பிடித்துக்கொண்டது. இன்றைய சீலன்ட்டும் நிறைய பல் அடைப்புகளும் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கின்றன.

பிள்ளையைக் கூட்டிப் போகுமுன் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுங்கள்: ஊசி கிடையாது, 'கிர்ர்' கிடையாது. முதலில் பல்லைச் சுத்தம் செய்வார்கள். கன்னத்துக்கும் நாக்குக்கும் பக்கத்தில் பஞ்சுச் சுருள் வைப்பார்கள். அமில ஜெல்லை அரை நிமிடம்வரை தடவி, கழுவி, காற்றடித்து உலர்த்துவார்கள். அப்போது பல்லின் தலை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். சரியாக நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு சீலன்ட்டை வெடிப்பில் ஓடவிட்டு, நீல ஒளியை ஏறக்குறைய 20 விநாடி பிடிப்பார்கள். ஒரு பல்லுக்குச் சில நிமிடம். கடித்தால் லேசாக உயரமாகத் தோன்றலாம். பொதுவாக ஓரிரு நாளில் பழகிவிடும்.

இதில் எதிரி எச்சில். உலர்த்திய பல்லில் ஒரு துளி பட்டாலும் பிடிப்பு போய்விடும். அதனால்தான் மேற்பரப்பு முழுவதும் ஈறைவிட்டு வெளியே வந்த பிறகு இதைச் செய்கிறார்கள். பாதி மூடியிருக்கும் பல்லுக்கும், வாயை அசைத்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கும் கிளாஸ் அயனோமர் என்ற சிமென்ட்டைத் தற்காலிகமாக வைப்பார்கள். அது ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஃப்ளோரைடையும் சிறிது சிறிதாக வெளியிடும். பல் முழுசாக வந்தபின் நிலையான சீலன்ட்டுக்கு மாறலாம்.

பலன் எவ்வளவு? கடைவாய்ப் பற்களில் விழும் சொத்தையில் 80 சதவீதத்தை இரண்டு வருடங்களுக்கும், 50 சதவீதத்தை நான்கு வருடம்வரையும் சீலன்ட் தடுக்கிறது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. சொல்லும் கணக்கு. ஒருமுறை வைத்தோம், வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஓரம் பெயரலாம், உடையலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டி, குறைந்த இடத்தில் மறுபடி வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு ஃப்ளோரைடு வார்னிஷும் பூசிக்கொள்ளலாம். பேஸ்ட்டைவிட இருபது மடங்குக்கு மேல் செறிவானது என்பதால் இது மருத்துவர் கையால் மட்டுமே பூச வேண்டியது. சொத்தை வர வாய்ப்பு அதிகமுள்ள பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அன்று முழுக்கப் பல் மஞ்சளாகத் தெரியலாம். சில மணி நேரம் சூடானதும் கடினமானதும் வேண்டாம். அன்றிரவு மட்டும் தேய்ப்புக்கு விடுமுறை.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று, முளைக்கும்போதே பழுப்பாக வரும் பல். சில பிள்ளைகளுக்கு ஆறாவது பல் வெள்ளை, மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டுகளோடு வரும். முன்பல்லிலும் அப்படித் திட்டு இருக்கலாம். எனாமல் உருவாகும்போதே தாதுக் குறைவோடு உருவான பல் அது. மெல்லும்போது விள்ளல் விள்ளலாக உதிரும். பிரஷ் பட்டால் கூசும் என்பதால் பிள்ளை அந்தப் பக்கம் தேய்க்கவே விடாது. அழுக்கு என்று நினைத்து அழுத்தித் தேய்க்காதீர்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பிரஷை நனைத்துத் தேய்த்துவிட்டு, சீக்கிரம் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு, ஐந்தாவது பால் பல். ஆறாவது பல்லை உரசிக்கொண்டு நிற்பது அதுதான். அதன் பின்பக்கத்தில் விழுந்த சொத்தை ஆறாவது பல்லின் முன்பக்கத்தைத் தொற்றும். அந்த இடுக்கில் பிரஷும் போகாது, சீலன்ட்டும் காக்காது. பல் இடுக்கு நூலால்தான் சுத்தம் செய்ய முடியும். அந்தப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயதில்தான் விழும். அதற்குள் சொத்தையால் பிடுங்க நேர்ந்தால் ஆறாவது பல் முன்னால் நகர்ந்து, அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். "பால் பல்தானே" என்று விட்டால் இங்கேதான் விலை கொடுக்கிறோம்.

சொத்தை விழுந்துவிட்டால்

ஊக்காலும் குச்சியாலும் குத்திப் பார்க்காதீர்கள். கரையத் தொடங்கியிருக்கும் மேற்பரப்பு அதில் உடைந்துவிடும். வெடிப்பின் ஓரம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கும் நிலையில் கண்டுபிடித்தால் பேஸ்ட், வார்னிஷ், சீலன்ட் கொண்டே நிறுத்திவிட முடியும். சின்னக் குழி என்றால் அடைப்பு போதும்.

வலி வரும்வரை காத்திருந்தால் சிக்கல். இந்தப் பல்லின் வேர் ஒன்பது, பத்து வயதில்தான் முழுசாக வளர்ந்து நுனி மூடும். அதற்கு முன் உள்ளிருக்கும் நரம்பு செத்தால் வேர் வளர்வது பாதியில் நின்றுவிடும். திறந்த நுனியோடு வேர் சிகிச்சை செய்வது கடினம். பிடுங்கினால் பின்னால் வரும் பல் சாயும், எதிர்ப்பல் நீளும். பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றால் எந்த வயதில் பிடுங்கினால் பின்பல் அந்த இடத்துக்கு ஒழுங்காக நகர்ந்து வரும் என்று குழந்தைப் பல் மருத்துவரும் பல் சீரமைப்பு மருத்துவரும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வலிக்கிறது என்ற அவசரத்தில் முடிவெடுக்கிற காரியம் இல்லை.

எங்கே காட்டுவது?

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் காட்டலாம். கல்லூரியில் குழந்தைப் பல் மருத்துவத்துக்குத் தனித் துறை உண்டு. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயதுவரையான பிள்ளைகளை அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் வந்து பரிசோதிக்கும்போது பல்லையும் பார்க்கிறார்கள். அன்று பிள்ளை பள்ளிக்குப் போகட்டும். கொடுத்தனுப்பும் சீட்டைத் தவறாமல் படியுங்கள்.

மருத்துவரிடம் கேட்க மூன்று கேள்விகள் போதும்: ஆறாவது பற்கள் எத்தனை வந்திருக்கின்றன? சீலன்ட் வைக்கும் அளவுக்கு வெளியே வந்துவிட்டதா? அடுத்து எப்போது கூட்டி வர வேண்டும்?

பன்னிரண்டு வயதில் இதற்குப் பின்னால் ஏழாவது பல்லும் இதேபோலச் சொல்லாமல் வரும். அப்போதும் இதே பக்கங்களை ஒருமுறை புரட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்தரை வயதைத் தாண்டிய பிள்ளை வீட்டில் இருந்தால் இன்று இரவே தொடங்கிவிடலாம். ஃபோன் டார்ச்சை அடித்து, கன்னத்தை ஒதுக்கி, நடுவிலிருந்து ஒன்று, இரண்டு என எண்ணிக்கொண்டே போங்கள். ஆறு வந்திருந்தால், பிரஷைக் குறுக்கே போடுங்கள்.